எபிபனியும் லெந்தும்: திருமுழுக்கு நீரிலிருந்து பிறந்த இரு காலங்கள்

எபிபனி, லெந்து என்பன கிறித்தவத் திருவழிபாட்டு ஆண்டின் இரு காலங்கள். எபிபனி ஜனவரி 6-ஆம் நாள் கொண்டாடப்படும் திருநாளையும் அதனைத் தொடர்ந்து வரும் வாரங்களையும் குறிக்கும். கத்தோலிக்கர் இதனைத் திருக்காட்சிப் பெருவிழா என்பர். சீர்திருத்தத் திருச்சபைகளில் பிரசன்னத் திருநாள் என்ற வழக்கு உண்டு. மக்கள் பேச்சில் மூன்று ராஜாக்கள் திருநாள். லெந்து என்பது உயிர்ப்புப் பெருவிழாவாகிய ஈஸ்டருக்கு முன் வரும் நாற்பது நாள் நோன்புக் காலம். தவக்காலம், தபசு காலம், லெந்து நாட்கள் என்றெல்லாம் இது வழங்கப்படும்.

இன்று எபிபனி என்றால் விண்மீனும் ஒட்டகங்களும், லெந்து என்றால் நெற்றியில் இடும் சாம்பலும் புலால் தவிர்த்தலும் நினைவுக்கு வருகின்றன. ஒன்று மகிழ்ச்சிக்குரியது, மற்றது துக்கத்துக்குரியது, இரண்டுக்கும் தொடர்பில்லை என்றே பலரும் எண்ணுவர். ஆனால் முதல் நான்கைந்து நூற்றாண்டுகளின் சான்றுகளைப் பார்த்தால் இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அந்த இடம் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம். எபிபனி கீழ்த்திசையில் இயேசு யோர்தான் ஆற்றில் திருமுழுக்குப் பெற்றதன் விழாவாக இருந்தது. லெந்து, ஈஸ்டர் இரவில் திருமுழுக்குப் பெறவிருந்தோரின் பயிற்சிக் காலமாக உருப்பெற்றது. இந்த வேர் எப்படி மறக்கப்பட்டது, எப்படி மீண்டும் கண்டெடுக்கப்பட்டது என்பதே இவ்விரு காலங்களின் வரலாற்றில் முக்கியமான செய்தி.

பெயர்கள்

எபிபனேயா என்ற கிரேக்கச் சொல்லுக்கு வெளிப்படுதல், தோன்றுதல் என்று பொருள். அரசர் ஒரு நகருக்குள் எழுந்தருளுவதையும், தெய்வம் அடியாருக்குக் காட்சி தருவதையும் கிரேக்கர் இச்சொல்லால் குறித்தனர். லெந்து என்பது ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவம். பழைய ஆங்கிலத்தில் அது வெறுமனே வசந்த காலத்தையே குறித்தது. பகற்பொழுது நீளும் பருவம் என்பது அதன் அடிப்பொருள். நோன்போடு அச்சொல்லுக்கு எந்தத் தொடர்பும் இல்லை. கிரேக்கரும் இலத்தீனரும் நாற்பது என்ற எண்ணையே பெயராக வைத்தனர். தவக்காலம் என்ற தமிழ்ச் சொல் இவை எல்லாவற்றையும்விட அந்நாட்களின் செயலுக்கு நெருக்கமானது.

ஜனவரி 6 எதன் நாள்?

இந்நாளைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு எகிப்திலிருந்து கிடைக்கிறது. கி.பி. 200-ஐ ஒட்டி எழுதிய அலெக்சாந்திரியா நகரத்துக் கிளமெந்து, பசிலிதேஸ் என்பவரின் சீடர்கள் இயேசுவின் திருமுழுக்கு நாளைக் கொண்டாடியதாகவும், முந்திய இரவு முழுவதும் விழித்திருந்து வாசகங்கள் வாசித்ததாகவும் குறிப்பிடுகிறார். அவர் தரும் எகிப்திய மாதத் தேதிகளுள் ஒன்று ஜனவரி 6-க்குச் சமம். பசிலிதேசின் சீடர்கள் பொதுத் திருச்சபையால் ஏற்கப்படாத ஞானவாதக் குழுவினர். பின்னாளில் உலகமெங்கும் பரவிய ஒரு திருநாளின் முதல் சுவடு புறந்தள்ளப்பட்ட ஒரு குழுவிடம் கிடைப்பது கவனிக்கத்தக்கது.

மேற்கில் இத்திருநாளுக்குக் கிடைக்கும் பழைய சான்றுகளுள் ஒன்றும் எதிர்பாராத இடத்திலிருந்தே வருகிறது. அம்மியானுஸ் மர்செல்லினுஸ் என்ற உரோமை வரலாற்றாசிரியர் கிறித்தவர் அல்லர். கிறித்தவத்தை உள்ளுக்குள் துறந்துவிட்ட ஜூலியன், அதை மறைப்பதற்காக 361-ஆம் ஆண்டு ஜனவரியில் கால் நாட்டு வியேன் நகரில் எபிபனி வழிபாட்டில் கலந்துகொண்டார் என்று அவர் எழுதியுள்ளார். ஊரார் ஐயம் கொள்ளாதிருக்க ஆட்சியாளர் ஒருவர் தலைகாட்ட வேண்டிய அளவுக்கு அப்போதே அது பெருவிழாவாகிவிட்டது.

நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரு வழக்கங்கள் குறுக்கிட்டன. உரோமையில் டிசம்பர் 25 கிறிஸ்து பிறப்பு நாளாகக் கொண்டாடப்பட்டது. 354-ஆம் ஆண்டு நாட்குறிப்பேடு ஒன்று இதற்குச் சான்று. கீழ்த்திசையின் பல இடங்களில் பிறப்பும் திருமுழுக்கும் ஜனவரி 6-இல் சேர்ந்தே நினைக்கப்பட்டன. பிறகு கிழக்கு மேற்கிலிருந்து டிசம்பர் 25-ஐப் பெற்றது; மேற்கு கிழக்கிலிருந்து ஜனவரி 6-ஐப் பெற்றது. 386-இல் அந்தியோக்கியாவில் மறையுரையாற்றிய யோவான் கிறிசோஸ்தோம், டிசம்பர் விழா அந்நகருக்கு வந்து இன்னும் பத்து ஆண்டுகூட ஆகவில்லை என்கிறார். இந்த மாற்றத்தை ஏற்காத திருச்சபை ஒன்று இன்றும் உண்டு. அர்மீனியத் திருத்தூதுத் திருச்சபை இயேசுவின் பிறப்பையும் திருமுழுக்கையும் ஜனவரி 6-இல் ஒன்றாகவே கொண்டாடுகிறது.

அதே கிறிசோஸ்தோம் மற்றொரு மறையுரையில் மக்களின் வழக்கம் ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். எபிபனி நாளின் நள்ளிரவில் மக்கள் நீர் மொண்டு வீட்டுக்கு எடுத்துச் சென்று ஆண்டு முழுவதும் பாதுகாத்தனர். அந்த நீர் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆனாலும் கெடாது என்று நம்பினர். இயேசு ஆற்றில் இறங்கியதால் உலகின் நீர் முழுவதும் புனிதம் பெற்றது என்ற எண்ணமே இதன் அடிப்படை. கிரேக்க நாட்டில் குரு சிலுவையைக் கடலில் எறிய, இளைஞர் நீந்திச் சென்று அதை எடுத்து வரும் சடங்கும், எத்தியோப்பியாவில் ஜனவரி 19-ஐ ஒட்டி நடைபெறும் திம்கத் விழாவும் இதே மரபின் தொடர்ச்சி. திம்கத் என்ற சொல்லுக்கே திருமுழுக்கு என்றுதான் பொருள். யுனெஸ்கோ 2019-இல் இவ்விழாவைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

தமிழகத்துக்கு மிக அருகிலும் இம்மரபு உண்டு. கேரளத்தின் தோமா கிறித்தவர்கள் சிரியத் திருவழிபாட்டு மரபினர். அவர்கள் எபிபனியைத் தெனகா என்பர். உதயம் என்பது அச்சொல்லின் பொருள். திருநாளின் முந்திய இரவு ஆற்றிலோ குளத்திலோ இறங்கி நீராடும் பழக்கத்தால் சில ஊர்களில் இது ராக்குளி, அதாவது இரவுக் குளியல் எனப்பட்டது. வேறு ஊர்களில் வாழைத்தண்டை நட்டு அதில் விளக்குகள் ஏற்றும் பிண்டிப் பெருநாளாக இது விளங்குகிறது; இரிஞ்ஞாலக்குடாவின் பிண்டிப் பெருநாள் புகழ்பெற்றது. ஒரு பக்கம் நீர், மறுபக்கம் ஒளி. பழைய திருச்சபை திருமுழுக்கை ஒளியூட்டல் என்றும் அழைத்தது என்பதை நினைத்தால் இரண்டும் வேறல்ல.

ஞானிகள் வந்த கதை

இலத்தீன் மேற்கில் எபிபனி வேறு திசையில் சென்றது. அங்கே மத்தேயு நற்செய்தி கூறும் கீழ்த்திசை ஞானியரின் வருகையே நாளின் மையமாயிற்று. யூதரல்லாத பிற இனத்தாருக்குக் கிறிஸ்து வெளிப்பட்டார் என்பது அதற்குத் தரப்பட்ட விளக்கம். யோர்தான் திருமுழுக்கும், கானாவூரில் தண்ணீர் திராட்சை இரசமானதும் வழிபாட்டுப் பாடல்களில் நினைக்கப்பட்டாலும் மக்கள் மனத்தில் நின்றவர்கள் ஞானியரே.

நற்செய்தியில் அவர்களுடைய எண்ணிக்கை இல்லை, பெயர் இல்லை, அவர்கள் அரசர் என்ற குறிப்பும் இல்லை. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்னும் மூன்று காணிக்கைகளை வைத்து மூவர் என்று பின்னோர் கணக்கிட்டனர். சிரிய மரபில் பன்னிருவர் என்ற கணக்கும் உண்டு. கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்கள் பிற்காலத்தவை. 1164-இல் அவர்களுடையவை எனக் கருதப்பட்ட எலும்புகள் மிலான் நகரிலிருந்து ஜெர்மனியின் கொலோன் நகருக்கு எடுத்துச் செல்லப்பட்டன. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு இவர்களைச் சாஸ்திரிகள் என்கிறது. இன்றைய கத்தோலிக்க மொழிபெயர்ப்பு ஞானிகள் என்கிறது. வானசாத்திரம் கற்றவர் என்ற நுட்பம் முதற்சொல்லில் நன்றாக வெளிப்படுகிறது. ராஜாக்கள் என்ற சொல் இரு மொழிபெயர்ப்பிலும் இல்லை; அது விழாவின் வழியே வந்த சொல்.

நாற்பது நாள் எப்படி வந்தது?

ஈஸ்டருக்கு முன் நோன்பிருப்பது மிகப் பழைய வழக்கம். ஆனால் நாற்பது நாள் என்பது அவ்வளவு பழையது அன்று. கி.பி. 190-ஐ ஒட்டி லியோன் நகர ஆயர் இரேனேயு, உரோமை ஆயர் விக்தருக்கு எழுதிய மடலின் ஒரு பகுதியை வரலாற்றாசிரியர் எவுசேபியு காப்பாற்றித் தந்துள்ளார். சிலர் ஒரு நாள், சிலர் இரண்டு நாள், சிலர் இன்னும் கூடுதலாக, வேறு சிலர் தொடர்ந்து நாற்பது மணி நேரம் நோன்பிருக்கின்றனர் என்று அதில் இரேனேயு கூறுகிறார். இந்த வேறுபாடு நம்பிக்கையின் ஒற்றுமையைக் குலைக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது என்பது அவருடைய வாதம். ஈஸ்டர் தேதி பற்றிய சண்டையில் ஒரு பகுதித் திருச்சபைகளை விலக்கி வைக்க விக்தர் முனைந்திருந்த நேரத்தில் எழுதப்பட்ட மடல் இது. நோன்புக் கணக்கில் வேறுபட்டிருந்தும் சமாதானமாக வாழ்ந்தோமே, தேதிக்காகப் பிரிவதா என்பதே அவர் கேட்டது.

325-இல் கூடிய நிசேயா பொதுச்சங்கத்தின் ஐந்தாம் விதியில் நாற்பது என்ற பெயருடைய ஒரு காலம் முதன்முதலாகத் தெளிவாக இடம்பெறுகிறது. ஆண்டுக்கு இருமுறை கூட வேண்டிய ஆயர் மன்றங்களுள் ஒன்று அதற்கு முன் நடைபெற வேண்டும் என்கிறது அவ்விதி. எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைப் போல அது அச்சொல்லைப் பயன்படுத்தினாலும் நடைமுறை சீராக இல்லை. 340-ஐ ஒட்டி அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு, செராப்பியோன் என்ற ஆயருக்கு எழுதிய மடலில், உலகமே நோன்பிருக்க எகிப்தியர் மட்டும் இருக்காமல் பிறரின் நகைப்புக்கு ஆளாகக் கூடாது என்று வற்புறுத்துகிறார். புதிய வழக்கத்தை ஏற்கத் தயங்கிய மக்களை அந்த வரியில் காணலாம்.

எகிப்தியருக்கு ஏன் தயக்கம்? பிற்காலக் கோப்து நூல்கள் ஒரு விளக்கத்துக்கு இடம் தருகின்றன. எகிப்தில் நாற்பது நாள் நோன்பு முதலில் ஈஸ்டருக்கு முன் இருக்கவில்லை, எபிபனிக்கு மறுநாளே தொடங்கியது என்பது அவற்றின் செய்தி. மாற்கு நற்செய்தியில் இயேசு யோர்தானில் திருமுழுக்குப் பெற்ற உடனேயே பாலைநிலத்துக்குச் சென்று நாற்பது நாள் இருக்கிறார். எகிப்தியர் அந்த வரிசையையே பின்பற்றினர் போலும். இச்செய்தியை ஏற்கும் அறிஞரும் உண்டு. சான்று மிகப் பிந்தியது என்று மறுப்பவரும் உண்டு. உண்மையாக இருந்தால், எபிபனியும் லெந்தும் ஒரு காலத்தில் இடைவெளியே இல்லாமல் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன என்றாகும்.

எருசலேமின் நாற்பது நாள் பள்ளி

நான்காம் நூற்றாண்டு லெந்தின் உயிருள்ள படம் ஒரு பெண்ணின் எழுத்தில் கிடைக்கிறது. மேற்கு ஐரோப்பாவின் கோடியிலிருந்து 381-384 ஆண்டுகளில் புனித நாடுகளுக்குப் பயணம் செய்த எகேரியா, ஊரிலிருந்த தன் சகோதரிகளுக்கு, தான் கண்டவற்றை எழுதினார். அந்த ஏடு இத்தாலியின் அரெத்சோ நகரில் 1884-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. முதலும் முடிவும் இல்லாத ஏடு அது. எபிபனி பற்றிய பகுதியிலும் ஓர் இதழ் காணாமற்போய், பெத்லகேமிலிருந்து விடியற்காலையில் எருசலேமுக்குத் திரும்பும் பவனியில்தான் படிக்கத் தொடங்க முடிகிறது. லெந்துப் பகுதியோ முழுமையாக உள்ளது.

எருசலேமில் அப்போது லெந்து எட்டு வாரம். சனி, ஞாயிறுகளில் நோன்பு இல்லை என்பதால் அவ்வளவு வாரங்கள் தேவைப்பட்டன. ரொட்டியும் எண்ணெயும் மரத்தில் விளைந்த எதுவும் உண்பதில்லை. நீரும் கொஞ்சம் மாவுக்கஞ்சியும் மட்டுமே. சிலர் வாரம் முழுவதும் ஒன்றுமே உண்ணாதிருந்தனர், சிலரால் அது முடியவில்லை. கூடுதலாகச் செய்தவரை யாரும் புகழ்வதில்லை, குறைவாகச் செய்தவரை யாரும் பழிப்பதில்லை, அவரவர் ஆற்றலுக்கு ஏற்ப என்று எகேரியா எழுதுகிறார். நோன்பு வரலாற்றில் இவ்வளவு நிதானமான குறிப்பு அரிது.

நோன்பைவிட அவரை வியக்க வைத்தது கல்வி. திருமுழுக்குப் பெற விரும்புவோர் லெந்து தொடங்கும் முன் தம் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். மறுநாள் ஆயர் பெரிய கோவிலின் நடுவில் இருக்கையில் அமர்வார். ஆண்கள் ஞானத்தந்தையோடும் பெண்கள் ஞானத்தாயோடும் ஒவ்வொருவராக வருவர். இவர் நல்லொழுக்கம் உள்ளவரா, பெற்றோரை மதிப்பவரா, குடிகாரரா, பொய்யரா என்று ஆயர் அக்கம்பக்கத்தாரிடம் கேட்பார். குறை இல்லை என்றால் தம் கையாலேயே பெயரைப் பதிவு செய்வார். குறை இருந்தால், திருந்தி வா, பிறகு பெறலாம் என்று அனுப்பிவிடுவார். வெளியூரிலிருந்து வந்தவருக்குத் தம்மை அறிந்தவர் அங்கே இல்லாவிட்டால் திருமுழுக்குக் கிடைப்பது எளிதன்று என்கிறார் எகேரியா. அவரும் ஓர் அயலூர்ப் பயணி என்பதால் இது அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

பிறகு நாள்தோறும் மூன்று மணி நேரம் பாடம். தொடக்க நூலிலிருந்து ஆரம்பித்து மறைநூல் முழுவதையும் ஆயரே விளக்குவார். முதலில் நேர்ப்பொருள், அடுத்து உட்பொருள். ஐந்து வாரம் கழித்து நம்பிக்கை அறிக்கை கற்பிக்கப்படும். எட்டாம் வாரத்தொடக்கத்துக்குள் ஒவ்வொருவரும் அதை ஆயரிடம் ஒப்பிக்க வேண்டும். கோவிலில் ஆயர் கிரேக்கத்தில்தான் பேசுவார். சிரிய மொழி பேசுவோருக்காக ஒரு குரு உடனுக்குடன் மொழிபெயர்ப்பார். இலத்தீன் மட்டும் தெரிந்தோருக்கு இருமொழியும் அறிந்த சகோதர சகோதரிகள் சொல்லிக் கொடுப்பர். ஈஸ்டருக்குப் பின் திருமுழுக்கின் மறைபொருளை ஆயர் விளக்கும்போது எழும் ஆரவாரம் கோவிலுக்கு வெளியேயும் கேட்கும். மாணவர் ஆரவாரம் செய்யும்படி பாடம் நடத்துவது எக்காலத்திலும் எளிதன்று.

இதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், 350-ஐ ஒட்டி, எருசலேமில் சிரில் ஆற்றிய பதினெட்டு லெந்து உரைகள் இன்றும் கிடைக்கின்றன. எகேரியா கண்ட பள்ளியின் பாடநூலாகவே அவற்றைப் படிக்கலாம்.

மேற்கிலும் இம்முறை இருந்தது. 387-ஆம் ஆண்டு லெந்தின் தொடக்கத்தில் அகுஸ்தீன், தம் மகன் அதெயோதாத்து, நண்பர் அலிப்பியு ஆகியோருடன் மிலான் நகரில் பெயர் கொடுத்தார். இத்தாலியின் உறைபனித் தரையில் அலிப்பியு வெறுங்காலோடு நடந்ததை அகுஸ்தீன் தம் வாழ்க்கை நூலில் மறவாமல் குறிப்பிடுகிறார். ஈஸ்டர் இரவில் ஆயர் அம்புரோசு மூவருக்கும் திருமுழுக்கு அளித்தார். அந்த எண்கோண நீர்த்தொட்டியின் அடித்தளத்தை மிலான் பேராலயத்தின் அடியில் இன்றும் காணலாம்.

கணக்கும் சாம்பலும்

குழந்தைத் திருமுழுக்கு பொதுவழக்கமானதும் இந்தப் பள்ளி தேவையற்றதாயிற்று. பெயர் கொடுக்க வயது வந்தோர் இல்லை, தொட்டிலில் குழந்தைகளே இருந்தனர். நாற்பது நாள் மட்டும் நின்றது. அதற்குப் பொருள் வேறு தேட வேண்டியிருந்தது. கொலை, விபசாரம் போன்ற பெரும் பாவம் செய்தோர் லெந்தின் தொடக்கத்தில் சாக்குடை உடுத்திச் சாம்பல் பூசிக் கோவிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டு, பெரிய வியாழனன்று மீண்டும் சேர்க்கப்படும் வழக்கம் இருந்தது. திருமுழுக்குப் பெறுவோர் மறைந்த இடத்தில் இந்தப் பாவப் பரிகாரம் நடுநாயகமாயிற்று. காலப்போக்கில் குற்றவாளிகளுக்கு உரிய சாம்பலை எல்லாரும் விரும்பி ஏற்றனர். 1091-இல் பெனவெந்தோ மன்றத்தில் திருத்தந்தை இரண்டாம் உர்பான் அதை மேற்குத் திருச்சபை முழுவதற்கும் பரிந்துரைத்தார்.

சாம்பல் புதன் முதல் புனித சனி வரை விரல்விட்டு எண்ணும் மாணவர்களுக்கு நாற்பத்தாறு நாள் வரும். ஞாயிறுகளில் நோன்பு இல்லை. ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் நாற்பது. முன்பு மேற்கில் லெந்து ஒரு ஞாயிறன்றுதான் தொடங்கியது. அப்போது ஆறு வாரத்தில் ஞாயிறு நீங்கலாக முப்பத்தாறு நாளே கிடைத்தது. பெரிய கிரகோரியார் இதற்கும் அழகான விளக்கம் தந்தார்: ஆண்டின் 365 நாளில் பத்தில் ஒரு பங்கைக் கடவுளுக்குத் தசமபாகமாகக் கொடுக்கிறோம் என்றார். பின்னர் நான்கு நாள் முன்னே சேர்க்கப்பட்டதால் தொடக்கம் புதன்கிழமைக்கு வந்தது. மிலான் நகரின் அம்புரோசியத் திருவழிபாட்டு முறையில் இன்றும் ஞாயிறே தொடக்கம். கிழக்குத் திருச்சபைகள் திங்கட்கிழமை தொடங்குகின்றன; கேரளத்தில் இது ஐம்பது நோன்பு எனப்படுகிறது.

ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் நகர்வதால் சாம்பல் புதன் பிப்ரவரி 4 முதல் மார்ச் 10 வரை எந்த நாளிலும் வரலாம். எபிபனிக்குப் பின்வரும் ஞாயிறுகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடிக் குறைவது இதனால்தான்.

சீர்திருத்த காலம்

1522-ஆம் ஆண்டு லெந்தில் சூரிச் நகர அச்சகர் கிறிஸ்டோப் புரோஷாவர் வீட்டில் புலால் உண்ணப்பட்டது. புத்தகச் சந்தைக்காக இரவு பகலாக உழைத்த தொழிலாளருக்குக் கூழ் போதாது என்பது அவருடைய வாதம். உல்ரிக் சுவிங்லி அங்கே இருந்தார், ஆனால் உண்ணவில்லை. சில நாளில், உணவைத் தெரிவு செய்வது மனிதரின் உரிமை, மறைநூல் அதைத் தடுக்கவில்லை என்று மறையுரையாற்றி அச்சிட்டார். சுவிட்சர்லாந்தின் சீர்திருத்தம் இவ்வாறு ஓர் உணவுத் தட்டிலிருந்து தொடங்கியது. லூத்தரன் திருச்சபைகள் நோன்புக் கட்டளையை நீக்கினாலும் காலத்தை விடவில்லை. லைப்சிக் நகரில் லெந்து வாரங்களில் பெரிய இசைக் கோவைகள் நிறுத்தப்பட்டன. பாகின் பாடுகளின் இசை அந்த மௌனத்தின் முடிவில், பெரிய வெள்ளியன்று ஒலித்தது.

இங்கிலாந்துத் திருச்சபை 1548-இல் சாம்பலை நீக்கியது, சாம்பல் புதனை வைத்துக்கொண்டது. 1549-இல் வெளிவந்த அதன் பொது மன்றாட்டு நூலில் ஒரு வியப்பான குறிப்பு உண்டு. முற்காலத்தில் ஈஸ்டர், பெந்தெகொஸ்தே ஆகிய இரு வேளைகளில்தான் பொதுவாகத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது என்பதை அது நினைவுகூர்ந்து, அவ்வழக்கத்தை இனி மீட்க இயலாது என்கிறது. மறந்ததாகச் சொல்ல முடியாது. தெரிந்தே விட்டார்கள்.

தமிழ்க் கரையில்

முத்துக்குளித்துறைப் பரதவர் 1530-களில் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது, தாங்கள் கிறித்தவர் என்பதைத் தவிர வேறொன்றும் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருக்கவில்லை. நம்பிக்கை அறிக்கையையும் மன்றாட்டுகளையும் தமிழில் பெயர்க்கச் செய்து, கையில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி அவர் சொல்லிக் கொடுத்ததை அவருடைய மடல்கள் கூறுகின்றன. எருசலேமில் பாடம் முதலில், நீர் பிறகு. இங்கே நீர் முதலில், பாடம் பிறகு. அந்தக் குறையை நிரப்பும் முயற்சியின் விளைவாகவே 1578-இல் கொல்லத்தில் அன்றீக்கு அடிகளாரின் தம்பிரான் வணக்கம் அச்சேறியது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சிடப்பட்ட அந்த முதல் நூல் ஒரு மறைக்கல்வி நூல் என்பதைத் தமிழ் அச்சு வரலாறு படிப்போர் நினைவில் கொள்ளலாம்.

பின்னர் வந்த மறைப்பணியாளர்கள் திருமுழுக்குக்கு முன் கற்பிக்கும் முறையை வலியுறுத்தினர். அப்பணியைச் செய்தவரே உபதேசியார். தென்மாவட்டச் சிற்றூர்களில் இன்றும் வழங்கும் இச்சொல், எருசலேம் ஆயர் செய்த அதே வேலையின் பெயர். சாம்பல் புதனுக்குக் கத்தோலிக்கர் விபூதிப் புதன், திருநீற்றுப் புதன் என்ற பெயர்களைச் சூட்டியதும் தமிழ் மண்ணின் அடையாளம். சைவர் நெற்றியில் கண்ட சொல் தயக்கமின்றிக் கோவிலுக்குள் வந்தது. இலங்கையில் பணியாற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் எழுதிய வியாகுலப் பிரசங்கம் கடலோர ஊர்களில் தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்பட்டு வந்தது. இவற்றிலெல்லாம் கிறிஸ்துவின் பாடுகளே நிறைந்திருந்தன. திருமுழுக்கின் நினைவு இங்கும் பின்னுக்குப் போயிற்று.

மீட்பு

இருபதாம் நூற்றாண்டில் நிலை மாறியது. எகேரியாவின் ஏடு உள்ளிட்ட பழைய சான்றுகளைப் படித்த அறிஞர்கள் லெந்தின் வேரைக் காட்டினர். 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், சனிக்கிழமை காலையில் நடந்துவந்த ஈஸ்டர் திருவிழிப்பை மீண்டும் இரவுக்கு மாற்ற அனுமதித்தார். 1963 டிசம்பர் 4-இல் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, தவக்காலத்துக்குத் திருமுழுக்கு, மனமாற்றம் என்ற இரு தன்மைகள் உண்டு என்று கூறி, திருமுழுக்கை முதலில் வைத்தது. வயது வந்தோர்க்கான படிப்படியான புகுமுகச் சடங்கு 1972-இல் வெளிவந்தது. நோன்புச் சட்டம் 1966-இல் தளர்த்தப்பட்டு, சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே கட்டாய நோன்பு நாட்களாயின.

எபிபனியிலும் அதே திருத்தம் நிகழ்ந்தது. ஆண்டவரின் திருமுழுக்கு 1969 நாட்காட்டியில் எபிபனியை அடுத்த ஞாயிறுக்கு வந்தது. 1992-இல் வெளியான பொது வாசகப் பட்டியலைப் பயன்படுத்தும் சீர்திருத்தத் திருச்சபைகளும் எபிபனிக்குப் பின் முதல் ஞாயிறில் யோர்தான் நிகழ்ச்சியையே வாசிக்கின்றன. அக்காலத்தின் கடைசி ஞாயிறில் மலைமேல் கிறிஸ்து உருமாறியதை வாசிக்கின்றன. இவ்விரு நிகழ்ச்சிகளிலும் வானத்திலிருந்து ஒரே குரல் கேட்கிறது. லெந்து அந்த இரண்டாம் குரலுக்குப் பின் தொடங்குகிறது.

மூன்றாண்டுச் சுழற்சியில் முதலாண்டின் தவக்கால ஞாயிறுகளைக் கவனித்தால் பழைய பள்ளியின் பாடத்திட்டம் தெரியும். மூன்றாம் ஞாயிறில் கிணற்றடியில் தண்ணீர் கேட்ட சமாரியப் பெண்ணின் நிகழ்ச்சி. நான்காம் ஞாயிறில் குளத்தில் கழுவிப் பார்வை பெற்ற பிறவிக் குருடர். ஐந்தாம் ஞாயிறில் கல்லறையிலிருந்து வெளியே வந்த லாசர். மூன்றும் யோவான் நற்செய்தியிலிருந்து வருபவை. அந்த ஞாயிறுகளில், ஈஸ்டர் இரவில் திருமுழுக்குப் பெறவிருப்போர் ஞானப்பெற்றோருடன் முன்னே வந்து நிற்க, அவர்களுக்காகச் சபை மன்றாடும். அப்படி நிற்க யாரும் இல்லாத பங்குகளிலும் அதே வாசகங்களை வாசிக்கலாம். அங்கே தொட்டிலில் திருமுழுக்குப் பெற்றவர்களே அவற்றைக் கேட்கின்றனர்.